தாம்பரத்தைத் தாண்டினால் ஏன் ரயில் குறைகிறது?

கேள்வி இது. சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தையும் தாண்டி, கூடுவாஞ்சேரியில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒருவர், வேலை எழும்பூர் பக்கம். "பீச்சிலிருந்து தாம்பரம் வரை வண்டிக்குப் பஞ்சமே இல்லை. தாம்பரத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் மட்டும் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி? தாம்பரம் ஸ்டேஷனைத்தான் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்களே, அதனால் நிலைமை மாறுமா?" என்று கேட்கிறார்.

நிலைமை மாறும். ஆனால் தாம்பரம் ஸ்டேஷனில் என்ன கட்டுகிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. தாம்பரத்துக்குத் தெற்கே எத்தனை லைன் இருக்கிறது என்பதுதான் விஷயம். அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பதற்கான காரணம் 1931-ல் ஆரம்பிக்கிறது.

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் மீட்டர் கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம் உள்ள பாதை, 1870களிலேயே வந்துவிட்டது. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியின் பாதை அது. நீராவி எஞ்சின் இழுத்த வண்டிகள்தான், புறநகர் சேவை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. நகரம் தெற்கே பரவ ஆரம்பித்த 1920களில்தான் பீச் என்று நாம் சொல்லும் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்மயமாக்கலாம் என்று கம்பெனி முடிவெடுத்தது. பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இங்கே 1931 மே மாதம் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது இந்தியாவிலேயே இங்கேதான் முதலில்.

அன்றைக்குத் தாம்பரம் ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது, சில கிராமங்கள், ஏரிகள், காடு. பக்கத்தில் டாக்டர் சவுரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் சானடோரியம். நல்ல காற்றுக்காக நோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த இடம் என்றால் நகரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பியை அங்கே கொண்டுபோய் முடித்தார்கள். மின்சார ரயில்களை நிறுத்திவைக்கவும் பழுது பார்க்கவும் ஷெட் வேண்டும், அதற்கு விசாலமான இடம் வேண்டும். தாம்பரத்தில் இடம் இருந்தது. கார் ஷெட் அங்கே வந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இதுதான் முக்கியமான திருப்பம் என்பேன். ஒரு புறநகர் ரயில் பாதையில் ஷெட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காலையில் வண்டி பிறக்கும், ராத்திரியில் வண்டி அடங்கும். டிரைவர், கார்டு டியூட்டி மாறுவதும் அங்கேதான். கால அட்டவணை போடுகிறவர்கள் அந்த இடத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். தாம்பரம் ஒரு முனையமாகவே பிறந்தது. பிறகு அதற்கு அப்பால் எத்தனையோ ஊர்கள் வந்தும், ரயில்வேயின் கணக்கில் லோக்கல் வண்டியின் இயல்பான கடைசி ஸ்டேஷன் என்ற இடத்தை அது விடவில்லை.

மின்சார ரயில் வந்த பிறகு ஊரும் அந்த முனையைச் சுற்றியே வளர்ந்தது. 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து கிளம்பித் தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படைத் தளம் வந்தது. 1984-ல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி வளாகம், மக்கள் வாயில் மெப்ஸ். தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் நின்று ஆள் ஏற்றுகிற இடமாக, தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி ரோடு மாறியது. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று லைனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊர். இரண்டையும் பிரிப்பதும் ஸ்டேஷன்தான், இணைப்பதும் ஸ்டேஷன்தான். 2021-ல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாம் சேர்த்து மாநகராட்சி அமைத்தபோது அதற்குத் தாம்பரம் என்றே பெயர் வைத்தார்கள்.

சரி, 1931-ல் கம்பி தாம்பரத்தோடு நின்றது. பிறகு ஏன் அதை நீட்டவில்லை?

நீட்டினார்கள். ஆனால் வேறு மாதிரி. பழைய மின்சாரம் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். வோல்டேஜ் குறைவு என்பதால் கரண்ட் அதிகம் இழுக்கும், கம்பி தடியாக வேண்டும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும். ஊருக்குள் அடிக்கடி நின்று போகும் வண்டிகளுக்குச் சரி, நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போவதற்குக் கட்டுப்படியாகாது. 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்மயமாக்கியபோது 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கையோடு 1967-ல் கடற்கரை - தாம்பரம் பகுதியையும் அதற்கே மாற்றிவிட்டார்கள். மீட்டர் கேஜில் 25,000 வோல்ட் ஓடியது நாட்டிலேயே இந்த ஒரு பாதையில்தான். ரயில் பைத்தியங்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஆக, கம்பி தாம்பரத்தைத் தாண்டிவிட்டது. லைன் எண்ணிக்கை தாண்டவில்லை. கடற்கரை - தாம்பரம் இடையே லோக்கல் வண்டிக்கென்றே ஒரு ஜோடி லைன் தனியாக உண்டு. எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வேறு லைன். தாம்பரத்துக்குத் தெற்கே அந்தத் தனி ஜோடி கிடையாது. போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். செங்கல்பட்டு லோக்கல், நெல்லை எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி எல்லாம் அதே இரண்டு லைனில்தான் பல்லாண்டுகள் ஓடின.

இடையில் அகலப்பாதை மாற்றம் வந்தது. 1990களில் தொடங்கி, ஒவ்வொரு லைனாகப் பெயர்த்து, வண்டியையும் நிறுத்தாமல் செய்த வேலை. சில வருடங்கள் மீட்டர் கேஜும் அகலப்பாதையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கடைசி மீட்டர் கேஜ் லோக்கல் 2004 ஜூலை 1-ல் ஓடி முடிந்தது. இதனால் பெட்டி அகலமானது, கூட்டம் அதிகம் ஏற முடிந்தது, பிறகு 12 பெட்டி வண்டிகளும் வந்தன. ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே மீட்டர் கேஜ் எத்தனை லைனோ, அகலப்பாதையும் அத்தனையேதான். தண்டவாளங்களுக்கு இடையே இருந்த தூரம் கூடியதே தவிர, தண்டவாளம் கூடவில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். மாலை ஐந்து மணிக்கு மேல் எழும்பூரில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தென்மாவட்டங்களுக்குப் போகும் ராத்திரி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் நேரம் அது. கன்னியாகுமரி, அனந்தபுரி, முத்துநகர், பொதிகை, நெல்லை, பாண்டியன், மலைக்கோட்டை என்று வரிசை. எல்லாம் தெற்கே போகிறவை. அதே நேரத்தில்தான் ஆபீஸ் விட்டு லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் இதே கதை தலைகீழாக: ஊரிலிருந்து வரும் வண்டிகள் எழும்பூரை நோக்கி விடியற்காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும், வேலைக்குப் போகும் கூட்டமும் அதே திசையில். தெற்கு ரயில்வேயின் மிக முக்கியமான எக்ஸ்பிரஸ் வண்டிகளும் உங்கள் செங்கல்பட்டு லோக்கலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஒரே லைனைக் கேட்கின்றன. நடுப்பகலில் அந்த லைனில் நெரிசல் குறையும், அதனால் யாருக்கும் லாபம் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் வேகம். லோக்கல் வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிற்கும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கபெருமாள்கோவில், பரனூர், அப்புறம் செங்கல்பட்டு. எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் நடுவில் எங்கேயும் நிற்காது. ஒரே வேகத்தில் ஓடும் வண்டிகள் என்றால் நெருக்கி நெருக்கி விடலாம். மெதுவான வண்டியும் வேகமான வண்டியும் கலந்து ஓடினால், வேகமானது மெதுவானதன் வாலைப் பிடிக்காமல் இருக்க முன்னால் நிறைய இடம் காலியாக விட வேண்டும். ஒரு எக்ஸ்பிரஸை அனுப்புவதற்காக இரண்டு லோக்கலுக்கான இடம் போய்விடும். இல்லாவிட்டால் லோக்கலை எங்காவது ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். லூப்பில், அதாவது பக்கத்து ஒதுக்கு லைனில், போட்டுவிட்டான் என்று பெட்டிக்குள் ஒரு முனகல் கேட்குமே, அதுதான். 2023-ல் திருநெல்வேலி வந்தே பாரத்தும் 2024-ல் நாகர்கோவில் வந்தே பாரத்தும் வந்த பிறகு வேக வித்தியாசம் இன்னும் கூடியிருக்கிறது. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை, பகலில் ஓடும் நல்ல வண்டிகள். லைன் போதாத இடத்தில் எந்த நல்ல வண்டி வந்தாலும் யாரோ ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது லைன் போட்டார்களே என்று கேட்பீர்கள். போட்டார்கள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கட்டம் கட்டமாகத் தாம்பரம் வரை வந்து, இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. அதில் இரண்டு திசையிலும் வண்டி விடலாம். மாலையில் தெற்கே, காலையில் வடக்கே என்று தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம். உண்மையில் பெரிய உதவிதான், அது இல்லாமல் இருந்திருந்தால் இன்றைய நிலைமையை நினைத்தே பார்க்க முடியாது. ஆனாலும் வடக்கே நான்கு லைனில் வருவதைத் தெற்கே மூன்றில் அடக்க வேண்டும். லோக்கலுக்கென்று பிரித்துக் கொடுக்க ஒரு முழு ஜோடி இன்னும் இல்லை.

இதனால்தான் தாம்பரத்தோடு பாதி வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். ஒரு தாம்பரம் வண்டி உள்ளே வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டி முழுசாக நிற்பதற்குள்ளேயே இறங்குகிறவர்களுக்கு எதிராக ஏறுகிறவர்கள் தாவுவார்கள், சீட் பிடிக்க. முன்பக்கத்து டிரைவர் தோள்பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்பக்கம் நோக்கி நடப்பார், பின்பக்கத்திலிருந்த கார்டு முன்னே வருவார், அல்லது வேறு ஜோடி ஏறும். நெற்றிப் பலகை பீச் என்று மாறும். சானடோரியத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் ஜன்னல் சீட்டுக்காக ஒரு ஸ்டேஷன் இரண்டு ஸ்டேஷன் பின்னால் வந்து, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. டிக்கெட் பரிசோதகர் வந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வண்டி திரும்புவதற்கு ஆகும் அந்தச் சில நிமிடங்கள் பிளாட்பாரம் அடைபட்டிருக்கும், ஆனால் அதற்கு அப்பால் உள்ள லைன் தப்பிக்கும். கால அட்டவணை போடுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான கணக்கு. கூடுவாஞ்சேரிக்காரர் பக்கம் நின்று பார்த்தால் அநியாயம்.

தாம்பரத்தில் ஒரு நூல் அறுந்தால் மொத்தத் தெற்கும் எப்படி நிற்கும் என்பதை 2024 ஆகஸ்டில் எல்லோரும் பார்த்தார்கள். தாம்பரம் யார்டை, அதாவது ஸ்டேஷனைச் சுற்றி லைன்கள் பிரிந்து சேரும் வளாகத்தை, திருத்தி அமைக்கும் வேலைக்காக ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்கு மேல் வரை லோக்கல் வண்டிகளை வெட்டினார்கள். கடற்கரையிலிருந்து வரும் வண்டிகள் பல்லாவரத்தோடு நின்றன. அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்குத் தனியாகச் சில வண்டிகள். நடுவில் உள்ள பதினைந்து கிலோமீட்டரை எப்படியோ பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கடந்துகொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு. ஜிஎஸ்டி ரோடு அந்த வாரங்களில் எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் பல தாம்பரம் தொடாமல் போயின, சில செங்கல்பட்டோடு நின்றன.

அந்த யார்டு வேலை ஏன் நடந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் வந்துவிடும். சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்தபடியாகச் சென்னையின் மூன்றாவது முனையமாகத் தாம்பரத்தை ஆக்கியிருக்கிறார்கள். 2018-லிருந்து அந்தப் பெயர் அதற்கு உண்டு. முன்பதிவு இல்லாத அந்தியோதயா வண்டி அங்கிருந்து கிளம்பியது. சார்மினார் எக்ஸ்பிரஸ் ஹைதராபாத்திலிருந்து இப்போது தாம்பரம் வரை வருகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரத்துக்கு ஒரு புது வண்டி விட்டார்களே, அதுவும் தாம்பரத்திலிருந்துதான். எழும்பூரில் 734 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஸ்டேஷனையே மாற்றிக் கட்டும் வேலை நடந்தபோது அங்கிருந்து கிளம்பும் சில வண்டிகளையும் தற்காலிகமாகத் தாம்பரத்துக்குத் தள்ளினார்கள். யார்டில் புது பிளாட்பாரம், எக்ஸ்பிரஸ் பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் லைன்கள் எல்லாம் இதற்காகத்தான்.

இதில் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை எக்ஸ்பிரஸ் வண்டி ஊருக்குள் ஊர்ந்து வரும் நேரம் மிச்சம். வேளச்சேரி, மேடவாக்கம், பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் போய் வண்டி பிடிக்கும் தொல்லை இல்லை. ஆனால் கூடுவாஞ்சேரிக் கண்ணோடு பாருங்கள். தாம்பரத்திலிருந்து கிளம்பும் எக்ஸ்பிரஸ் எந்தத் திசையில் போகிறது? பெரும்பாலும் தெற்கே. எழும்பூர் நெரிசல் குறைகிறது, தாம்பரம் - செங்கல்பட்டு நெரிசல் குறையவில்லை. முனையம் பெரிதாகப் பெரிதாக, அந்த மூன்று லைன் மேல் சுமை கூடத்தான் செய்யும். எஸ்கலேட்டரும் புது முகப்பும் வந்தால் மகிழ்ச்சிதான். மழையில் நனையாமல் நிற்கலாம். ஆனால் அவற்றால் ஒரு லோக்கல் வண்டிகூட அதிகம் ஓடாது.

நான்காவது லைனுக்கு ரயில்வே அமைச்சகம் 2025-ல் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சுமார் 30 கிலோமீட்டர், மதிப்பீடு 757 கோடி ரூபாய். உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டிய செய்தி இது ஒன்றுதான். இது முடிந்தால் லோக்கலுக்கு ஒரு ஜோடி, எக்ஸ்பிரஸுக்கு ஒரு ஜோடி என்று பிரிக்க முடியும். தாம்பரம் வரை உள்ள அதே வசதி செங்கல்பட்டு வரை வரும். பிரித்த பிறகுதான் தாம்பரம் வண்டிகளில் பலவற்றை அப்படியே கூடுவாஞ்சேரிக்கோ செங்கல்பட்டுக்கோ நீட்டுவதில் அர்த்தம் உண்டு.

எப்போது முடியும் என்று தேதி சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது லைன் போட்டார்கள். தூரம் நாலே கால் கிலோமீட்டர். அதற்காகப் பறக்கும் ரயிலைக் கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டை இடையே 2023 ஆகஸ்ட் 27 முதல் நிறுத்தினார்கள். ஏழு மாதத்தில் முடியும் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29-ல். நகரத்தின் நெஞ்சுப்பகுதி, கூவம் கரை, கடற்படை நிலம் என்று அங்கே இருந்த சிக்கல்கள் தெற்கே இருக்காது, உண்மைதான். ஆனால் தெற்கே சாலைகள் லைனைக் கடக்கும் இடங்கள், ஸ்டேஷன் கட்டடங்களை இடித்துத் தள்ளிக் கட்டுவது, ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் வேலை செய்வது எல்லாம் உண்டு. வங்கிக் கடன் கணக்குப் போடும்போது நான்காவது லைனை வரவில் வைக்காதீர்கள்.

கிளாம்பாக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கூடுவாஞ்சேரிக்கு வடக்கே சில கிலோமீட்டரில்தான் அது இருக்கிறது, வீட்டுத் தரகர் அதைக் காட்டியே விலை சொல்லியிருப்பார். தென்மாவட்ட பஸ்களுக்கான பெரிய நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். ரயில் லைனை ஒட்டிய இடம். ஆனால் திறந்த அன்றைக்கு அங்கே ரயில் ஸ்டேஷன் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று அதற்கப்புறம்தான் வேலை தொடங்கியது. அதற்கான செலவைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ரயில்வேக்குக் கொடுத்தது. ஸ்டேஷனிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி பஸ் நிலையத்துக்குப் போக ஆகாய நடைபாதை தனித் திட்டம். பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு தாம்பரத்தில் இறங்கி, மாநகரப் பேருந்தில் ஏறி, கிளாம்பாக்கம் போய், வேறு பஸ் பிடித்தவர்களின் சாபம் யார் மேல் விழும் என்று தெரியவில்லை. பஸ் நிலையம் கட்ட வருடக்கணக்கில் ஆனது, அந்த வருடங்களில் பக்கத்திலேயே ஒரு ஸ்டேஷனையும் கட்டியிருக்கலாம். இரண்டு துறைகள், இரண்டு கோப்புகள். தாம்பரம் முனையம் விஷயத்திலும் இதே பிரச்சினைதான்: எக்ஸ்பிரஸ் முனையம் ஒரு கோப்பு, லோக்கல் சேவை இன்னொரு கோப்பு, நான்காவது லைன் மூன்றாவது கோப்பு.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ நீட்டிக்கும் திட்டமும் இருக்கிறது, 15.46 கிலோமீட்டர், ஜிஎஸ்டி ரோடு வழியே. வந்தால் தாம்பரம் ஸ்டேஷனின் சுமை கொஞ்சம் குறையும். கூடுவாஞ்சேரிக்கு நேரடி லாபம் குறைவு. அதையும் தரகர் சொல்லியிருப்பார்.

ஏசி லோக்கல் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு பாதையில் ஓடுகிறது, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃபில் செய்த 12 பெட்டி வண்டி. தொடங்கியபோது குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய். சாதா வண்டியில் ஐந்து ரூபாயில் தொடங்கும் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம். எனக்கு அதில் பிடித்தது குளிர் அல்ல, கதவு மூடுவது. 2018 ஜூலையில் பரங்கிமலையில் படியில் தொங்கிப் போனவர்கள் லைன் ஓரச் சுவரில் அடிபட்டு உயிரிழந்தார்கள். லோக்கல் லைனில் மின்கம்பி பழுது, அதனால் எக்ஸ்பிரஸ் லைனில் திருப்பிவிட்ட வண்டி அது. அந்த லைனின் ஓரம் படியில் தொங்குகிறவர்களுக்கு ஏற்றதாக இல்லை. லைன்கள் குறைவாக இருந்து, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்ய வேண்டிவரும்போது இப்படியும் ஆகிறது. ஏசி வண்டியில் தொங்க முடியாது. ஆனால் ஒரு ஏசி வண்டியும் அட்டவணையில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதே நேரத்தில் ஓடிய சாதா வண்டியை எடுத்துவிட்டால் சீசன் டிக்கெட்காரர்கள் சும்மா இருப்பார்களா?

இனி உங்கள் வீட்டு விஷயம். கூடுவாஞ்சேரி மோசமான தேர்வு இல்லை. செங்கல்பட்டு வரை போகும் எல்லா லோக்கலும் நிற்கும், தவிர கூடுவாஞ்சேரியோடு திரும்பும் வண்டிகளும் கொஞ்சம் உண்டு. ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் இருக்கும் ஸ்டேஷன் அது. மாலையில் எழும்பூரிலிருந்து திரும்பும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வரும் தாம்பரம் வண்டியில் ஏறி, தாம்பரத்தில் மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே உங்களுக்குப் பின்னால் வரும் செங்கல்பட்டு வண்டி ஏற்கெனவே நிரம்பித்தான் வரும், அது எந்த பிளாட்பாரம் என்பதும் கடைசி நிமிடத்தில் மாறும், நடைமேம்பாலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். எழும்பூரிலேயே பத்து நிமிடம் பொறுத்து நேரடி வண்டியில் ஏறிவிடுங்கள். முடிந்தால் கடற்கரையிலோ கோட்டையிலோ ஏறுகிற மாதிரி வேலை அமைந்தால் உட்கார்ந்தே வரலாம்.

வீடு பார்க்கும்போது ஸ்டேஷனுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள், லைனுக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். டிக்கெட் கவுண்டர், ஷேர் ஆட்டோ, கடைத்தெரு எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும், மறுபக்கத்திலிருந்து வருகிறவர் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ ஏறி இறங்கி வர வேண்டும். மேப்பில் எண்ணூறு மீட்டர் காட்டும் இடத்துக்கு நடந்தால் இருபது நிமிடம் ஆகும். சுரங்கப்பாதை வழி என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நவம்பர் மழையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காலை ஏழரை மணிக்கு அந்த பிளாட்பாரத்தில் ஒரு வாரநாள் நின்றும் பாருங்கள், எத்தனை வண்டி வருகிறது, எத்தனையில் ஏற முடிகிறது என்று.